பதிவேட்டில் ஏறாத இதழ்கள்: காவிரிப் படுகை நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் ஆகியவற்றின் நூலகர்களுக்கும், அவற்றின் வாசகர் வட்டத்தாருக்கும்,

வணக்கம்.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அப்படிப் பிரிந்து வரும் கோரையாற்றின் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாகப் பணியாற்றி 2024இல் ஓய்வு பெற்றவள். உங்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களைப் பின்னால் விரிக்கிறேன். உங்கள் நூலகத்தில் கையெழுத்து இதழ்களுக்கென ஒரு தட்டு ஒதுக்குங்கள். அதில் வந்து சேரும் ஒவ்வோர் இதழையும், அது எட்டுப் பக்கமே ஆனாலும், பதிவேட்டில் ஏற்றிச் சேர்க்கை எண் இடுங்கள். மாதத்தில் ஒரு முற்பகல், வாசகர்கள் கூடி அமர்ந்து அவசரமில்லாமல் எழுதவும் மடிக்கவும் தைக்கவும் ஒரு மேசையை விட்டுக்கொடுங்கள். அந்த மேசையில் போட்டி வேண்டாம், பரிசும் வேண்டாம்.

1980ஆம் ஆண்டில் நான் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலும் அடுத்த ஊரிலுமாக ஐவர் சேர்ந்து அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் கடைசிவரை ஐவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே ஒவ்வோர் இதழுக்கும் ஒருவர் முறை வைத்துப் பெயர் சூட்டுவது என்று முடிவாயிற்று. நான்கு ஆண்டுகளில் இருபத்தோர் இதழ்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு படிதான். கோடு போடாத வெள்ளைத் தாளை வாங்கி இரண்டாக மடித்து, தையலுக்கு ஓரத்தில் இடம் விட்டு, மை ஊற்றும் பேனாவால் எழுதுவோம். எங்களில் ஒருத்திக்கு மட்டுமே முத்து முத்தான கையெழுத்து. முதல் இதழ் முழுவதையும் அவளே படியெடுத்தாள். இரண்டாம் இதழுக்கு மறுத்துவிட்டாள். அவரவர் எழுதியது அவரவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அன்று அது சோம்பலாகப் பட்டது. பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய பிறகு, ஒரு பிள்ளையின் எழுத்து எந்த வரியில் தயங்கி எந்த வரியில் துணிகிறது என்பதைப் பார்த்துப் பழகிய பிறகுதான், அவள் சொன்னதன் நியாயம் எனக்கு விளங்கியது.

ஒரு பக்கம் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். மைப் பேனாவால் எழுதுகிறவர், வாக்கியத்தை மனத்துக்குள் முழுவதுமாகச் சொல்லிப் பார்த்த பிறகே முதல் சொல்லைத் தாளில் இறக்க முடியும். அழித்து எழுத வழியில்லை. எழுதிய வரி காயும்வரை கை அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருக்கும். அந்தச் சிறு காத்திருப்பில்தான் அடுத்த வாக்கியம் கூடும். ஒருமுறை நடவைப் பற்றிய கட்டுரையில் ‘நாற்றங்கால்’ என்ற சொல்லை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதிவிட்டேன். பக்கம் முழுவதையும் மறுபடி எழுத மனம் வராமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த தோழி அந்த மிகைச் சொல்லின் மேல் பச்சை மையால் ஒரு நாற்றுமுடி வரைந்தாள். வேர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சேற்றைக்கூடக் கரும்புள்ளிகளாக வைத்தாள். அடுத்த இதழிலிருந்து, தவறு நேர்ந்த இடத்தில் எதையாவது வரைவது எங்கள் வழக்கமாகிவிட்டது. எங்கே வரைந்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதற்காகவே இதழை வாங்கியவர்கள் உண்டு. இந்த மகிழ்ச்சியை நான் பிற்காலத்தில் அச்சில் வந்த என் கட்டுரை எதிலும் பெற்றதில்லை.

இதழ் வீடு வீடாகச் சுற்றும். ஒரு வீட்டில் இரண்டு நாள். அட்டையின் உட்புறத்தில் யார் எந்தத் தேதியில் வாங்கினார், எந்தத் தேதியில் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார் என்ற அட்டவணை இருக்கும். கடைசி நான்கு பக்கங்களை வெற்றாக விட்டுவிடுவோம். படித்தவர்கள் தங்கள் கருத்தை அங்கே எழுத வேண்டும். ஏழாவது இதழ் என்று நினைவு. தண்ணீர் முறை வைத்து விடும் காலத்தில் வாய்க்கால் தலைப்பில் இருப்பவர்கள் கடைமடைக்காரர்களின் முறையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று எங்களில் ஒருவன் எழுதியிருந்தான். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. ஆனால் ஊரில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். இதழ் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனது. இரண்டு நாளில் திரும்பவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. கிழித்துப் போட்டிருப்பார் என்றே நினைத்தோம். ஒன்பதாம் நாள் அவர் வீட்டுப் பையன் இதழைக் கொண்டுவந்து கொடுத்தான். வெற்றுப் பக்கங்கள் நான்கும் நிறைந்திருந்தன. நான்காவது பக்கத்தில் இடம் போதாமல், ஒரு தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி மேலும் எழுதியிருந்தார். மதகு எந்த ஆண்டு கட்டப்பட்டது, பழைய கலிங்கு எங்கே இருந்தது, எந்தப் பஞ்ச காலத்தில் யார் யாருக்கு எத்தனை நாழிகை என்று முறை பிரித்தார்கள், அந்தக் கணக்கு எப்போது குலைந்தது என்று சாய்ந்த பழங்கால எழுத்தில் நிதானமாக எழுதியிருந்தார். எங்கள் நண்பனின் குற்றச்சாட்டை மறுத்திருந்தார். இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்டும் இருந்தார். எங்கள் இருபத்தோர் இதழ்களில் வந்தவற்றுள் அதுவே ஆகச் சிறந்த எழுத்து என்பதில் ஐவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அடுத்த மாதம் அவரே ஆள் அனுப்பி இதழ் எப்போது வரும் என்று கேட்டார்.

ஒன்பது நாள் ஒரு மனிதர் ஓர் இதழை வைத்துக்கொண்டு யோசித்து எழுதினார் என்பதை நூலகர்களாகிய நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அவருடைய முதல் நாள் கோபம் அந்தப் பக்கங்களில் இல்லை. பேனாவைத் திறந்து மை ஊற்றி உட்காருவதற்குள் அது அடங்கியிருக்க வேண்டும். இன்று கைப்பேசியில் அதே செய்தி அவருக்கு வந்திருந்தால், அரை நிமிடத்தில் ஒரு வசை வார்த்தையோடு முடிந்திருக்கும். மதகின் வரலாறு அவரோடே போயிருக்கும்.

அந்த இருபத்தோர் இதழ்களும் இன்று இல்லை. நாங்கள் படிப்புக்கும் வேலைக்கும் திருமணத்துக்கும் ஆளுக்கொரு திசையில் பிரிந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று அவற்றை எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் நூலக அலமாரியில் கொடுத்து வைத்தோம். பல ஆண்டுகள் கழித்துப் பழைய கட்டடத்தை இடித்தபோது, அலமாரியைக் காலி செய்தவர்கள் பதிவேட்டைப் பார்த்து எண் உள்ள நூல்களை எல்லாம் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள்; எண் இல்லாதவற்றை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் அதைச் செய்யவில்லை, முறைப்படிதான் செய்தார்கள். பதிவேட்டில் இல்லாத பொருள், முறையின் கண்ணுக்கு இல்லாத பொருளே. செய்தி கேட்டு நான் பழைய தாள் கடைக்குப் போனபோது, கட்டுகள் லாரியில் ஏறி நான்கு நாள் ஆகியிருந்தது. பெரியவரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

சேர்க்கை எண் வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். அச்சில் வந்த நூலுக்குச் சட்டமே ஒரு வீடு தந்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூலின் படி கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னையின் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். கையால் எழுதி ஒரே படியாக உள்ள இதழுக்கு அப்படிப் போய்ச் சேர ஓர் இடமில்லை. மற்ற எந்த நூலும் ஓரிடத்தில் தொலைந்தால் இன்னோர் இடத்தில் கிடைக்கும். கையெழுத்து இதழ் தொலைந்தால் தொலைந்ததுதான். அதைக் காப்பதற்கு அது பிறந்த ஊரின் நூலகத்தைவிட்டால் வேறு நாதியில்லை. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிற ஊரார், தாங்கள் எழுதியதற்கு அந்த நூலகத்தில் ஒரு முழம் இடம் கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது வெளியிலிருந்து கொண்டுவந்து நடவேண்டிய பயிரும் அன்று. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி 1940களின் தொடக்கத்தில் ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942இல் அதே ஊரிலிருந்து ‘முரசொலி’ துண்டறிக்கையாக வெளிவந்தது. அவருடைய அரசியலை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் நம் வாசகர்களில் உண்டு. ஆனால் கையால் எழுதிய சில தாள்கள் ஒரு மாணவரை எங்கே கொண்டுபோக முடியும் என்பதற்கு, நம் மாவட்டத்துக்குள்ளேயே உள்ள சான்று அது. எழுபதுகள், எண்பதுகள்வரை எங்களைப் போல எத்தனையோ தெருக்களில் எத்தனையோ பேர் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். கேட்டுப் பாருங்கள், உங்கள் நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வரும் முதியவர்களில் இரண்டு மூன்று பேராவது ‘நானும் நடத்தினேன்’ என்பார்கள்.

அதற்கும் முன்னால் ஓலை. தஞ்சை சரசுவதி மகாலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் அவர்களுக்குக் காட்டுவது, ஏட்டில் புள்ளி இல்லாத எழுத்துகளைத்தான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதுபவரிடம் மட்டும் அன்றிப் படிப்பவரிடமும் பொறுமையை எதிர்பார்த்த எழுத்து அது. எழுதிய பின் கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தால்தான் கீறல்கள் கண்ணுக்குத் தெரியும். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு ஒப்பிட்டு, சீவக சிந்தாமணியை 1887இல்தான் அச்சில் கொண்டுவந்தார். அவர் கைக்கு வந்த ஏடுகளைப் பெயரும் ஊரும் தெரியாத யாரோ ஒருவர், தலைப்பில் ‘குருவே துணை’ என்று எழுதிவிட்டு, விளக்கொளியில் குனிந்து நாள் கணக்கில் கீறியிருக்கிறார். சரபோஜி மன்னர் காலத்தில் பெருகி 1918இல் பொதுமக்களுக்கு உரியதான அந்த நூலகம் இன்று நமக்குப் பெருமையாக இருக்கிறது என்றால், கையால் எழுதியதையும் காக்கத் தகுந்த பொருளாக அன்று சிலர் கருதியதனால்தான்.

அச்சும் நம் கடற்கரையில்தான் தமிழ்நாட்டுக்குள் ஆழமாகக் கால் ஊன்றியது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கே அச்சகம் நடத்தி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தாள் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் அமைத்தார்கள்; கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதன் மிச்சம். கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு கைக்கு அடங்கிய அளவில் ஏடு செய்துகொள்வது இப்பகுதிக்குப் பழக்கப்பட்ட வேலைதான்.

வெளிநாடுகளில் இப்படித் தாங்களே செய்துகொள்ளும் சிற்றேடுகளுக்கு ‘ஸீன்’ என்று பெயர். அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் 1930இல் வெளியிட்ட ஓர் இதழை இவற்றின் முன்னோடியாகச் சொல்வார்கள். பிறகு நகலெடுக்கும் இயந்திரம் பரவலானதும், எழுபதுகளில் இசை ரசிகர்களும் தொண்ணூறுகளில் இளம்பெண்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி, வெட்டி, ஒட்டி, நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. நியூயார்க்கில் உள்ள பர்னார்ட் மகளிர் கல்லூரியின் நூலகம் இவற்றுக்கெனத் தனிப் பிரிவு வைத்து, மற்ற நூல்களைப் போலவே ஒவ்வொன்றையும் அட்டவணையில் ஏற்றுகிறது. பதினாறு வயதுப் பெண் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதிய எட்டுப் பக்கத்துக்கும் அங்கே ஓர் எண் உண்டு. நான் கேட்பது இதற்கு மேற்பட்ட எதையும் அன்று.

மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து 1931இல் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்ட நூலகம், உங்கள் துறையின் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படுவது. அதைத் தொடங்கி வைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தையும் நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்ற மூன்றாம் விதியை, ஒரே ஒரு படியாக உள்ள இதழுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டுகிறேன். ‘வாசகரின் நேரத்தைச் சேமிக்க’ என்ற நான்காம் விதி மெதுவாக எழுதுவதற்கு எதிரானது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். தேடுவதில் வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதுதான் அவ்விதியின் கருத்து என்றே நான் கொள்கிறேன். அப்படி மிச்சமான நேரத்தை அவர் எழுதுவதில் செலவிட்டால் ரங்கநாதன் வருந்தியிருக்க மாட்டார்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலுக்கு முன் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப இருபத்தாறு நாள் ஆயிற்று. பள்ளி இல்லை, தொலைக்காட்சி இல்லை, கைப்பேசியில் உயிர் இல்லை. பிள்ளைகள் பிய்ந்த ஓலையையும் ஓட்டுச் சில்லையும் பொறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். வீட்டில் இருந்த பழைய விடைத்தாள்களின் எழுதாத பக்கங்களைக் கிழித்து, திண்ணையில் அவர்களுக்குக் கொடுத்து உட்கார வைத்தேன். ‘எழுதுங்கள்’ என்று மட்டும் சொன்னேன். தலைப்பு கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படித்த ஒரு பெண், தன் வீட்டுத் தோப்பில் விழுந்த தென்னைகளை ஒவ்வொன்றாக எழுதினாள். கிணற்றடி மரம் இனிப்பு, தாத்தா வைத்தது. வேலியோர மரத்தில் மட்டை விழுந்து ஆட்டுக்குக் கால் ஒடிந்தது. மூன்றாவது மரத்தில் கிளி பொந்து வைத்திருந்தது. இப்படி நாற்பத்தொரு மரங்கள். நான்கு நாள் எழுதினாள். இழப்பீட்டுக் கணக்கு எடுக்க வந்தவர்களுக்கு நாற்பத்தொன்று என்ற எண் போதுமாக இருந்தது. அவள் அந்த எண்ணிக்கைக்குள் இருந்த மரங்களை எழுதினாள். கடைசி மரத்தை எழுதி முடித்துத் தாளைக் காற்றில் ஆட்டி உலர்த்தியபோது அவள் முகத்தில் இருந்த நிறைவை, துக்கத்தின் நடுவிலும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மகிழ்ச்சி என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. அந்த இதழ் என்னிடம் இருக்கிறது. அட்டைக்குப் பாளையைத்தான் பிள்ளைகள் பயன்படுத்தினார்கள்.

செய்முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் செலவு என்ற சொல் உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கில் இருமுறையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நீளவாக்கில் ஓடும் நடு மடிப்பில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் கத்தரியால் ஒரு கீறல். பிறகு தாளை மீண்டும் நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து, தாள் தானே எட்டுப் பக்க ஏடாக மடிந்துகொள்ளும். ஊசி, நூல், பசை எதுவும் வேண்டாம். எழுத்து முழுவதும் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால், விரித்து வைத்து ஒரு நகல் எடுத்தால் இன்னோர் இதழ் ஆயிற்று. கடைத்தெருவில் அதற்கு ஒன்றோ இரண்டோ ரூபாய். முதல் முறை அந்த வாய் திறந்து ஏடாக மாறும்போது பெரியவர்களும் ‘அட’ என்பார்கள்.

பக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் தைக்கலாம். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் மூன்று துளை குத்துங்கள். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே வரும் ஊசி, மேல் துளையில் உள்ளே நுழைந்து, உட்புறமாகவே இறங்கிக் கீழ்த் துளையில் வெளியேறி, மறுபடி நடுத் துளையில் உள்ளே வர வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலை நடுவில் வைத்து இரு முனைகளையும் முடிச்சிட வேண்டும். நாங்கள் ஒருமுறை ஆசைப்பட்டு, பூத்தொடுக்கும் வாழைநாரை நனைத்துத் தைத்துப் பார்த்தோம்; காய்ந்ததும் இற்றுவிட்டது. மெழுகு தேய்த்த பருத்தி நூல்தான் நிற்கும். அட்டை ஒட்ட மைதாக் கூழ் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் கூழில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை படும் மேசையில் வைக்காதீர்கள்.

உங்கள் தரப்புச் சங்கடங்களை அறியாமல் எழுதவில்லை. பல நூலகங்களில் நீங்கள் ஒருவரே நூலகரும் உதவியாளரும் பெருக்குபவருமாக இருக்கிறீர்கள். இருக்கைகளை எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை முதலே நிரப்பிவிடுகிறார்கள். அவர்களுடைய இடத்தைப் பறிக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன், அந்த இருக்கையில்தான் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் உட்கார்ந்திருக்கிறது. மாதத்தில் ஒரு முற்பகல், தாழ்வாரமோ மரத்தடியோ போதும். மேசையை எடுத்துப் போட்டுத் திரும்பப் போடும் பொறுப்பை வாசகர் வட்டத்தார் ஏற்கலாம். தேர்வுக்குப் படிப்பவர்களில் ஒருவரோ இருவரோ எழுந்து வந்து அரை மணி நேரம் எதையாவது மடித்துவிட்டுப் போவார்கள் என்பது என் நம்பிக்கை. பள்ளியில் அதைப் பார்த்திருக்கிறேன்.

யாராவது வம்பாக எதையாவது எழுதிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நூலகர் என்னிடம் கேட்டார். நியாயமான கவலை. சாதியைச் சொல்லி இழிப்பதையும், ஒருவர் வீட்டுக் கதையை அம்பலமாக்குவதையும் ஏற்க வேண்டாம். அந்த முடிவு உங்களுடையது. ஆனால் கருத்து வேறுபாட்டுக்கு அஞ்ச வேண்டாம். ஒவ்வோர் இதழின் முடிவிலும் சில வெற்றுப் பக்கங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். வாய்க்கால் பெரியவர் எங்களுக்குக் கற்பித்தது அது.

போட்டி மட்டும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நடந்த கையெழுத்து இதழ்ப் போட்டிக்கு நானும் நடுவர்களில் ஒருத்தியாக இருந்தேன். முதல் பரிசு பெற்ற இதழைக் கணினி மையத்தில் பெற்றோர் செய்து கொடுத்திருந்தார்கள். அட்டை வழுவழுப்பாக, படங்கள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டவையாக இருந்தன. மை கலைந்து, ஓரம் சாய்ந்து, தன் வீட்டு எருமை கன்று ஈன்ற இரவை ஒன்பது பக்கம் எழுதியிருந்த ஒரு சிறுவனுக்கு ஆறுதல் பரிசும் இல்லை. நான் வாதிட்டேன், போதிய உறுதியோடு வாதிடவில்லை. மறு ஆண்டு அவனிடம் என்ன எழுதினாய் என்று கேட்டபோது, ‘அதெல்லாம் விட்டுட்டேன் டீச்சர்’ என்றான். பரிசு என்று வந்ததும் நாள் குறிக்கப்படுகிறது, அளவு குறிக்கப்படுகிறது, முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற பரபரப்பு வருகிறது. பசை காயும்வரை காத்திருக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை.

நம் ஊரில் எழுதுவதற்கு ஏற்ற பருவமும் இருக்கிறது. சம்பா நடவு முடிந்து களையெடுப்பும் ஓய்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வயலுக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் முடங்கும் நாட்களில், பெரியவர்கள் பேசுவார்கள். எந்த வாய்க்காலில் என்ன மீன் இருந்தது, காட்டுயானம், குடவாழை போன்ற பழைய நெல்வகைகள் எந்த வயலில் விளைந்தன, மாட்டுக்கு என்ன மருந்து அரைத்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வாயில் வரும். பக்கத்தில் தாளும் பேனாவுமாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். பேசுபவரின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது; ‘கொஞ்சம் இரு தாத்தா’ என்று நிறுத்தும். நிறுத்தினால் அவர் இன்னொன்றை நினைவுகூர்வார். ஒலிப்பதிவுக் கருவி அப்படி யாரையும் நிறுத்துவதில்லை.

தட்டு ஒதுக்க ஒப்புக்கொள்ளும் முதல் நூலகத்துக்கு, தென்னைகளின் கதை உள்ள அந்தப் பாளை அட்டை இதழை, அதை எழுதியவளின் ஒப்புதலோடு, நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கேட்டதும் சம்மதித்தாள், இரவல் கொடுக்கும்போது பாளை நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஊசி, மெழுகு நூல், ஒரு கட்டுத் தாள் ஆகியவற்றோடு முதல் முற்பகலுக்கும் வருகிறேன். இந்த மடலையும் முதலில் கையால்தான் எழுதினேன். பதினான்கு நாள் ஆயிற்று. அந்தப் படியை மூன்று துளையிட்டுத் தைத்து, எங்கள் ஊர் நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். பின்னால் நான்கு பக்கங்கள் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கோரையாற்றங்கரை, நீடாமங்கலம் வட்டம்.